ஆமைக்குட்டிக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம், சேர்?



மாரி தொடங்கினால் எங்கள் போனுக்கு ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். ஒரு பிளாஸ்ரிக் பேசின், அதில் பாதிக்குத் தண்ணீர், அதற்குள் தேசிக்காய் அளவில் ஒரு ஆமைக்குட்டி. கீழே ஒரு வரி: "சேர், இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம்?" தகப்பனின் போனை எடுத்துப் பிள்ளைதான் பெரும்பாலும் அனுப்பும். சில நேரம் தாய்மாரே அனுப்புவார்கள். வீட்டில் நாங்கள் இருவரும் படிப்பிக்கிறவர்கள் என்பதால், முரசுமோட்டையில் பாம்புக்கடியிலிருந்து பரீட்சைப் பெறுபேறு வரை எல்லாச் சந்தேகமும் எங்கள் கேற்றடிக்கு வரும். அதில் எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் குட்டியை வீட்டில் வளர்க்க வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையை ஏசவும் வேண்டாம். எங்கள் ஊரில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டு அடி போட்டுவிட்டு, ஆமையைப் பேசினிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இதை வாசிக்கும்போது உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேசின் இருந்தால், முதலில் எழும்பிப் போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். ஆமை என்றால் தண்ணீருக்குள் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நம் பக்கத்தில் பிள்ளைகளின் கையில் அகப்படுவது ஒரே வகை ஆமை கிடையாது.

பற்றைக்குள், வேலிக்கரையில், வரம்பில் அகப்படுவது அநேகமாகத் தரை ஆமை. நட்சத்திர ஆமை என்று புத்தகங்களில் எழுதுவது இதைத்தான். ஓடு கோப்பையைக் கவிழ்த்த மாதிரி உயர்ந்திருக்கும். கறுப்பில் மஞ்சள் கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து போகும். குட்டியில் அந்தக் கோடுகள் இன்னும் சரியாக விரிந்திருக்காது, மஞ்சள்தான் கூடத் தெரியும். காலைப் பாருங்கள். யானைக் கால் மாதிரித் தூணாக இருக்கும், விரல்களுக்கு இடையில் சவ்வு இருக்காது. அந்தக் காலால் நீந்த முடியாது. அரைப் பேசின் தண்ணீரில் விட்டால், கரை ஏற வழியில்லாமல் களைத்து, மூச்சடைத்துச் சாகும். பிள்ளை விடிய எழும்பிப் பார்க்கும்போது அசையாமல் கிடக்கும். நித்திரை கொள்கிறது என்று நினைத்து மத்தியானம் வரை காத்திருப்பார்கள்.

குளத்திலும் வாய்க்காலிலும் இருப்பது வேறு. கறுப்பு அல்லது கபில நிறம், ஓடு தட்டை, முதுகில் நீளத்துக்கு மூன்று வரம்புகள் ஓடும். விரல்களுக்கிடையில் சவ்வு உண்டு. இதற்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் வெளியில் ஏறி வெயில் காய ஒரு கட்டையோ கல்லோ இருந்தே ஆக வேண்டும். மூன்றாவது பாலாமை. ஓட்டின் மேல் தோல் போர்த்த மாதிரி இருக்கும், மூக்கு குழாய் போல நீண்டிருக்கும். இலங்கையில் உள்ள பாலாமை உலகில் வேறெங்கும் இல்லாத இனம் என்று இப்போது ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நம் ஊர்ச் சேற்றுக்குள் கிடக்கிற ஒன்றுக்கு அப்படி ஒரு பெருமை இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இறைச்சிக்காகப் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் கறியாக்குகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இனி, வளர்க்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு வருவோம்.

மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் பிந்தினால் அது ஊர் கேட்கக் கத்தும். பசித்த நாய் காலைச் சுற்றும். கோழி அடுப்படிக்குள்ளேயே வந்துவிடும். வீட்டுப் பிராணிகள் எல்லாம் மனிதனிடம் கேட்டு வாங்கிப் பழகியவை. ஆமை கேட்காது. பசித்தாலும் அப்படியேதான் இருக்கும், வருத்தம் என்றாலும் அப்படியேதான் இருக்கும். கிழமைக்கணக்காகச் சாப்பிடாமல் உயிரோடு கிடக்கக்கூடிய உடம்பு அது. அதனால் பிழையாக வளர்க்கிறவருக்குத் தான் பிழையாக வளர்க்கிறோம் என்று தெரியவே வராது. "நாங்கள் ஆறு மாதம் வைத்திருந்தோம் சேர், நல்லாத்தான் இருந்தது, திடீரென்று செத்துப்போச்சு" என்று சொல்வார்கள். அதில் திடீர் என்பது இல்லை. அந்த ஆறு மாதமும் அது செத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். ஆமையின் ஓடு உடுப்பு மாதிரி மேலே போட்டதல்ல. முள்ளந்தண்டும் விலா எலும்புகளும் விரிந்து அதோடு சேர்ந்தே இருக்கின்றன. அது உயிருள்ள எலும்பு. அதற்குள் இரத்தம் ஓடுகிறது, தொட்டால் உணர்கிறது. குட்டி வளரும்போது ஓடும் வளர வேண்டும், அதற்குக் கல்சியம் வேண்டும். சாப்பாட்டில் கல்சியம் இருந்தால் மட்டும் போதாது, உடம்பு அதை எடுத்துக்கொள்ள விற்றமின் டீ வேண்டும். அது தோலில் நேர் வெயில் படும்போதுதான் உண்டாகும். கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயிலில் அந்தக் கதிர் பெரும்பாலும் தடைப்பட்டுவிடும். அறைக்குள், கட்டிலுக்கடியில், மீன் தொட்டிக்குள் வைத்து வளர்க்கும் குட்டிக்கு ஓடு மெதுமெதுவாக இளகும். விரலால் அமர்த்தினால் பதியும். கால் வளையும். பிறகு நடக்காது. இது நாள்பட வரும் நோய், வெளியில் தெரியும்போது பாதி முடிந்துவிட்டிருக்கும்.

அப்படியானால் வெளியில் வெயிலில் வைப்போம் என்று சிலர் பேசினோடு முற்றத்தில் வைப்பார்கள். நம் ஊர் வெயிலில், நிழல் இல்லாத பேசினுக்குள் தேசிக்காய் அளவு உயிர் எவ்வளவு நேரம் தாங்கும்? பற்றைக்குள் இருக்கும்போது அது காலையில் கொஞ்சம் வெயில் காயும், பிறகு நிழலுக்குள் போகும், மழை பெய்தால் வெளியில் வந்து மேயும். தன் உடம்புச் சூட்டைத் தானே இடம் மாறி மாறிச் சரிசெய்துகொள்ளும். பேசினுக்குள் அதற்கு மாற இடமில்லை.

சாப்பாட்டுக் கதையும் இதே கதைதான். சோறு, பாண், பிஸ்கட், பால், முட்டை என்று அன்பு மிகுந்து கொடுக்கிறார்கள். தரை ஆமை புல்லும் இலையும் பூவும் தின்கிற பிராணி, விழுந்த பழம் கிடைத்தால் அதையும் தின்னும். நார் கூடின, புரதம் குறைந்த சாப்பாட்டுக்கு ஏற்ற குடல் அது. அறுகம்புல்லில் அது நாள் முழுக்க மேயும். பாணும் பாலும் போனால் குடல் கெட்டுவிடும்.

யூரியூப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆமை வளர்க்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, பார்த்திருக்கிறோம். ஊதாக் கதிர் விளக்கு, சூட்டு விளக்கு, ஈரப்பதம் பார்க்கும் கருவி, ஆமைக்கென்றே படித்த மிருக வைத்தியர். அங்கே பலரிடம் இருப்பவை வளர்ப்பிலேயே முட்டையிட்டுப் பொரித்த குட்டிகள். அவ்வளவு இருந்தும் அங்கேயும் பல குட்டிகள் சாகின்றன. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டில் அதைச் செய்யப் பார்ப்பது சரிவராது.

இன்னொன்று தாய்மாருக்கு. ஆமையின் உடம்பில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஆமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பார்க்கச் சுத்தமாகவும் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் கடுமையாக வரும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடு உள்ள ஆமைகளை விற்க 1975 இல் தடை போட்டார்கள். அந்த அளவு ஆமை சின்னப் பிள்ளையின் வாய்க்குள் போகும் என்பதுதான் காரணம். ஆகவே தூக்கினவர் யாராக இருந்தாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். பேசினைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். பிறகு அந்தப் பேசினில் மரக்கறி கழுவவும் வேண்டாம்.

கிணறு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆமையைக் கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று சொல்வோர் இருக்கிறார்கள். வளையம் இறக்கிய கிணற்றுக்குள் அது ஏற ஒரு விளிம்பும் இல்லை, வெயிலும் இல்லை. அது போடுவதெல்லாம் நீங்கள் குடிக்கிற தண்ணீருக்குள்தான் போகும். தரை ஆமையை விட்டால் ஒரு நாளும் தாங்காது. ஓட்டின் விளிம்பில் துளை போட்டுக் கயிறு கட்டுவதும், நக மை பூசுவதும், பெயின்ரால் பெயர் எழுதுவதும் இதே வகைதான். நகத்தில் துளை போடுவது போல என்று நினைக்கிறார்கள். எலும்பில் துளை போடுவது அது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 2009 இல் வந்த திருத்தம் உட்படப் பல தடவை திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நட்சத்திர ஆமையும் நம் குளத்து ஆமைகளும் அதன்கீழ் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். "ஒண்டுதானே, சின்னப் பிள்ளை விளையாட" என்பதற்கு அதில் விலக்கு இல்லை.

சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்கிறவர்களுக்கு: நட்சத்திர ஆமை உலகில் இயற்கையாக இருப்பது இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில். நம் நாட்டில் உலர் வலயத்தில்தான், அதாவது நாங்கள் இருக்கிற இந்தப் பக்கத்திலும் மன்னார், புத்தளம், வில்பத்து, யால, அம்பாந்தோட்டைப் பக்கங்களிலும். உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளில் இதுவும் ஒன்று. கட்டுநாயக்காவிலும் சென்னை விமான நிலையத்திலும் பயணப் பெட்டிக்குள் அடுக்கிக் கொண்டுபோகும்போது பிடிபடுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்தைச் சுற்றி மட்டும் ஆண்டுக்கு 55,000 குட்டிகளாவது காட்டிலிருந்து எடுக்கப்படுகின்றன என்று 2015 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றைக் காட்டில் பொறுக்குவது பெரிய கடத்தல்காரர் இல்லை. பற்றை தெரிந்த ஊர்ச் சனம், கொஞ்சக் காசுக்குப் பொறுக்கிக் கொடுக்கிறது. நம் பிள்ளைகளிடமும் யாராவது வந்து "ஒண்டுக்கு இவ்வளவு தாறன்" என்று கேட்டால், அதை வீட்டில் வந்து சொல்லும் அளவுக்குப் பிள்ளைகளோடு பேசி வையுங்கள்.

2019 இல் இலங்கையும் இந்தியாவும் பங்களாதேசும் செனகலும் சேர்ந்து, இந்த ஆமையைச் சர்வதேச வர்த்தகத்துக்கு முற்றாகத் தடையான முதலாம் பட்டியலில் சேர்க்கக் கேட்டன. சைட்டீஸ் என்ற உடன்படிக்கையின் மாநாட்டில் அது நிறைவேறியது. அந்த மாநாடு அந்த ஆண்டு மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அது தள்ளிப்போய், ஓகஸ்ட்டில் ஜெனீவாவில் நடந்தது. நம் காட்டு ஆமைக்கான தீர்மானத்தை நம் நாட்டிலேயே எடுத்திருக்க வேண்டிய ஒரு நாள். அந்த ஆண்டு என்னென்னவெல்லாம் கைவிட்டுப் போயின என்ற கணக்கில் இது மிகச் சின்ன வரிதான், ஆனாலும் எங்களுக்கு அது நினைவில் நிற்கிறது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வளர்க்கிறவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான். ஆமை வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பயந்து, வேலிக்கு வெளியே காலால் தட்டி விடுகிறவர்களும், கல்லால் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழியை எங்களிடமே சொல்லிக் காட்டுவார்கள். அதில் வருகிற அமீனா கோர்ட்டிலிருந்து கட்டளையோடு வருகிற உத்தியோகத்தர். ஆமினா என்பது எங்கள் வீடுகளில் ஆசையாக வைக்கும் பெண்பிள்ளைப் பெயர், நபிகளாரின் தாயாரின் பெயர். இரண்டையும் ஒன்றாக்கி எங்கள் பிள்ளைகளைப் பகிடி பண்ணுகிற பெடியன்களுக்கு இதைப் பல தடவை விளங்கப்படுத்தியாயிற்று. பழமொழியில் உள்ள ஆமை கல்லாமை, இயலாமை, பொறாமை என்று சிலர் அழகாக விளக்குவார்கள். மேடையில் கேட்க நல்லாக இருக்கும். அது உண்மையான விளக்கமா என்பதில் எங்களுக்குச் சந்தேகம். எப்படியோ, அதே தமிழில்தான் திருவள்ளுவர் அடக்கத்துக்கு ஆமையை உவமையாக எடுத்தார். அதே ஊர்களில்தான் பெருமாள் ஆமை வடிவம் எடுத்ததாகக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற கையே கல்லெடுக்கிறதைப் பார்க்க எங்களுக்கு விளங்கவில்லை. வேறு மார்க்கத்தவர் இதைச் சொல்லலாமா என்று யோசித்தோம். அயலவராக இருந்து சொல்கிறோம், குறை நினைக்க மாட்டீர்கள்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. பூனையைக் கட்டிவைத்து, தானும் சாப்பாடு கொடுக்காமல், அதைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஜும்ஆ பயானில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதில் இரண்டு பகுதி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கொடுக்கவில்லை என்பது ஒன்று. தேடித் தின்ன விடவில்லை என்பது மற்றது. பேசினுக்குள் இருக்கிற ஆமைக்கு நாங்கள் பாண் போட்டோம் என்று முதலாவதற்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு என்ன சொல்வது?

மார்க்கம் பிராணி வளர்ப்பதைத் தடுக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அபூ உமைர் என்ற சின்னப் பிள்ளை ஒரு சிட்டுக்குருவி போன்ற பறவையை வைத்து விளையாடியதும், அது செத்துப்போனபோது நபிகளார் அந்தப் பிள்ளையிடம் அன்பாகக் குருவியைப் பற்றி விசாரித்ததும் ஹதீஸில் உண்டு. குஞ்சுகளை எடுத்துவந்தவர்களிடம், அதன் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அபூ தாவூதில் உண்டு. எங்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து வாசிக்க விருப்பம். பிள்ளையிடம் அன்பாகப் பேசுவது, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது. முரசுமோட்டை வீட்டுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறோம்.

ஏன் பிள்ளையை ஏச வேண்டாம் என்கிறோம்? வகுப்பில் நாங்கள் பார்க்கிறோம். பற்றைக்குள் ஒரு சின்ன உயிரைப் பார்த்து, குனிந்து, பயப்படாமல் கையில் எடுத்து, "பாவம் தனிய நிக்குது" என்று நினைக்கிற பிள்ளையிடம் நல்ல மனம் இருக்கிறது. இந்தப் பிரதேசத்தில் அந்த மனம் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். அந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: ஆமைக்குட்டி தனியாக நிற்பதுதான் சரி. தாய் ஆமை மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும், திரும்பி வராது. முட்டையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து குட்டி தனியாகத்தான் வாழும். அதைத் தவறவிட்ட தாய் எங்கேயும் தேடிக்கொண்டு நிற்கவில்லை, நாம் தாயாகவும் வேண்டியதில்லை. இதைச் சொன்னால் தரம் 3 பிள்ளைக்கும் விளங்கும். நாங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறோம். "அப்ப அதுக்கு வீடு தெரியுமா ரீச்சர்?" என்று கேட்டது ஒரு பிள்ளை. தெரியும். தான் மேயும் இடத்தையும், வெயிலுக்குப் படுக்கும் பற்றையையும் அது அறிந்துதான் திரிகிறது. வேறு இடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலையும், றோட்டில் ஏறும். பரந்தன் முல்லைத்தீவு றோட்டில் இரவில் ஓடுகிற டிப்பர்களை நினைத்துப் பாருங்கள்.

இருந்த இடத்திலிருந்து தூக்கி எடுக்கப்படுவது என்றால் என்ன என்று எங்களுக்கு 1990 இல் தெரிந்தது, இந்த ஊருக்கு 2009 இல் தெரிந்தது. அதற்கு மேல் இதை இங்கே நீட்ட விரும்பவில்லை.

சரி, இன்று பின்னேரம் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. என்ன செய்வது? எங்கே எடுத்தாய் என்று முதலில் கேளுங்கள். பயப்படுத்தாமல் கேட்டால்தான் சரியான இடம் வரும். வெளிச்சம் இருந்தால் இன்றே கொண்டுபோய், அதே இடத்தில், பற்றையின் நிழலில் வையுங்கள். பிள்ளையையும் கூட்டிப் போங்கள், அது தன் கையால் வைக்கட்டும். இருட்டிவிட்டால் ஒரு மட்டைப் பெட்டியில் காய்ந்த புல் போட்டு, காற்றுப் போகத் துளை வைத்து, நாய் பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு இரவுக்குச் சாப்பாடு தேவையில்லை. தண்ணீர் வைப்பதென்றால் போத்தல் மூடியில் வைத்தால் போதும். விடிந்ததும் கொண்டுபோய் விடுங்கள். குளத்து ஆமை என்றால் எடுத்த குளத்தின் கரையில் விடுங்கள், தானாக இறங்கும்.

வெள்ளத்தோடு வந்தது என்றால் இடம் சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கம் தண்ணீருக்குள் கிடந்தபோது மனிதருக்கே இடம் தெரியவில்லை. அப்படியானால் தண்ணீர் வற்றும்வரை மேலே சொன்ன மாதிரி வைத்து, கிட்ட உள்ள மேட்டுப் பற்றையில் விடுவதுதான் வழி.

ஓடு வெடித்திருந்தால், உழவு இயந்திரத்தில் அகப்பட்டிருந்தால், பசை பூசி ஒட்டாதீர்கள். மஞ்சள் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மெதுவாகச் சுற்றி, பெட்டியில் வைத்து, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். ஓடு வெடித்த ஆமை சாகத்தான் வேண்டும் என்றில்லை, வைத்தியம் கிடைத்தால் எலும்பு பொருந்தும்.

மாதக்கணக்காக, வருடக்கணக்காக வீட்டில் இருக்கிற ஆமை வேறு கதை. இந்தப் பதிவை வாசித்துவிட்டு, மனம் கேட்காமல், அதைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட வேண்டாம். வீட்டில் கோழியோடும் பூனையோடும் இருந்ததில் தொற்றிய நோயை அது காட்டில் உள்ளவற்றுக்குக் கொடுக்கலாம். ஓடு இளகியிருந்தால் காட்டில் பிழைக்காது. அதையும் திணைக்களத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதேபோல, நகரத்து அலங்கார மீன் கடைகளில் பச்சை நிறத்தில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு சின்னதாக ஒரு ஆமை விற்பார்கள். அது வட அமெரிக்காவிலிருந்து வந்தது. ரூபாய்க் குற்றி மாதிரி வாங்குவீர்கள், வளர்ந்தால் சாப்பாட்டுக் கோப்பையைவிடப் பெரிதாகும், இருபது முப்பது வருடம் உயிரோடு இருக்கும். தொட்டி காணாமல் போனதும் பலர் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருப்பது அது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 இலேயே இறக்குமதியை நிறுத்தியது. அதை இரணைமடுவில் விட்டால் நம் குளத்து ஆமையின் சாப்பாட்டையும் வெயில் காயும் கட்டையையும் அது பிடித்துக்கொள்ளும். வாங்காமல் இருப்பதே லேசு.

பிராணி வளர்க்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு ஒரு ஆட்டுக்குட்டியோ நாலு கோழிக்குஞ்சோ வாங்கிக் கொடுங்கள். கேட்டு வாங்கித் தின்னும், பிழை விட்டால் கத்திச் சொல்லும். ஆமையில்தான் ஆசை என்றால், வளவில் ஒரு மூலையைத் துப்புரவாக்காமல் பற்றையாக விடுங்கள். அறுகம்புல் வளரட்டும், நாலு செவ்வரத்தை நடுங்கள், ஒரு தட்டையான மண்சட்டியில் விரலளவு தண்ணீர் வையுங்கள். வந்தால் வரும். வருகிற நாளையும் நேரத்தையும் மழை பெய்ததா என்பதையும் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். சுற்றாடல் பாடத்துக்கு அதைவிட நல்ல செயற்றிட்டம் எங்களுக்குத் தெரியாது. வளர்ந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. வைக்கோலையும் வெட்டிக் குவித்த பற்றையையும் கொளுத்துவதற்கு முன் ஒருமுறை தடியால் கிளறிப் பாருங்கள். நெருப்பு வந்தால் ஆமை ஓடாது, உள்ளே இழுத்துக்கொண்டு இருக்கும். சீமெந்து பூசிய வாய்க்காலில் விழுந்தது ஏற முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பலகைத் துண்டைச் சரிவாக வைத்தால் ஏறிவிடும். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்திருக்கிறோம். சிரிப்பார்கள், பரவாயில்லை.

வீட்டில் ஆமை வைத்திருக்கிற இரண்டு மூன்று பேர் இதை வாசிப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை. திணைக்களத்துக்கு எடுக்கப் பயமாக இருந்தால் கிராம அலுவலரிடம் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், சேர்ந்து வருகிறோம். பாடசாலை நாட்களில் இரண்டு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்போம். வெள்ளிக்கிழமை மட்டும் கிளிநொச்சியில் ஜும்ஆ முடித்து வர மூன்று மணியாகும்.